காதுக்கு முன் கண்: ஆங்கிலக் கேட்டல் தேர்வில் கோடிட்ட இடங்கள்

கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் இராமநவமித் திருவிழா தொடங்கிவிட்டால், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்துவிடுவார்கள். அப்படி வந்த முன்னாள் மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். செவிலியர் படிப்பு முடித்துத் திருச்சியில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி தேர்வு எழுதியிருக்கிறாள். படித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் தேவையான மதிப்பெண் வந்துவிட்டது. கேட்டலில் மட்டும் போதவில்லை.

"எல்லாம் புரியுது டீச்சர். நான் ஒண்ணை எழுதி முடிக்கறதுக்குள்ள அவங்க மூணைத் தாண்டிப் போயிடறாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவள் அவள். அவளுக்கு ஆங்கிலம் நடத்தியது நான்தான்.

ஓஇடி என்பது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. அதன் கேட்டல் பகுதியில் 42 வினாக்கள். அவற்றில் முதல் 24 வினாக்களும் கோடிட்ட இடங்கள்தாம். மருத்துவப் பணியாளர் ஒருவரும் நோயாளியும் பேசிக்கொள்ளும் இரண்டு உரையாடல்கள் ஒலிக்கும். ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். கையில் உள்ள குறிப்புத் தாளில் விடுபட்ட சொற்களை நிரப்ப வேண்டும். ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான். தொடங்குவதற்கு முன் தாளைப் பார்க்க 30 வினாடி தருவார்கள். பலருக்கும் தெரிந்த ஐஇஎல்டிஎஸ் தேர்விலும் இதே கதைதான்: 40 வினாக்கள், சுமார் 30 நிமிட ஒலிப்பதிவு, மறுமுறை ஒலிக்காது.

அவள் கைப்பேசியில் இருந்த பயிற்சி ஒன்றை இருவருமாகச் செய்து பார்த்தோம். 12 இடங்கள். அவளுக்கு 7 சரி. ஆங்கில ஆசிரியைக்கு 8. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பிறகு அவள் தவறவிட்ட ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஓரிடத்தில் மருந்தின் பெயர் பிடிபடவில்லை. அது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் அடுத்த இரண்டு இடங்களும் ஓடிவிட்டன. ஆக மூன்று. இன்னோரிடத்தில் சொல் சரி, பன்மைக்குரிய 'எஸ்' இல்லை. கடைசியாக ஓரிடத்தில் 'ஃபிஃப்டீன்' என்றதை ஐம்பது என்று எழுதியிருந்தாள். இந்த ஐந்தில் காது உண்மையிலேயே ஏமாந்தது இரண்டே இடங்களில். மீதி மூன்றும் தேர்வு எழுதும் முறையில் போனவை. அவளுடைய ஆங்கில அறிவில் குறை ஒன்றும் இல்லை. கேட்டல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

என் குரலைக் கேட்டார்கள், ஆங்கிலத்தைக் கேட்கவில்லை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முழுக்க எழுத்துத் தேர்வு. பாடநூலில் ஒவ்வோர் அலகிலும் கேட்டல் பயிற்சி இருந்தாலும், காலாண்டு நெருங்கும்போது நாம் முதலில் கைவைப்பது அதில்தான். முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில், அந்தப் பயிற்சியை நான் நடத்திய விதத்தைச் சொல்கிறேன். உங்களில் சிலருக்கு இது பழகிய காட்சியாக இருக்கலாம்.

பத்தியை நிறுத்தி நிதானமாக வாசிப்பேன். விடை வரும் இடத்தில் என் குரல் தானாக உயரும். அந்தச் சொல்லுக்குப் பின் ஒரு சின்ன இடைவெளி விடுவேன். யாரும் எழுதவில்லை என்றால் மறுபடி அதே சொல்லைச் சொல்வேன். அப்போதும் எழுதாவிட்டால் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். வகுப்பு முழுவதும் ஐந்துக்கு ஐந்து. பிள்ளைகள் கேட்டது என் குரலின் ஏற்றத்தை. குரல் உயராத, யாருக்காகவும் நிற்காத ஒலிப்பதிவு வந்தபோது அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

அதனால் முதலில் மாற்றிக்கொண்டது என்னைத்தான். இப்போது பத்தியை முந்தின நாளே கைப்பேசியில் இயல்பான வேகத்தில் பதிவு செய்துகொள்கிறேன். சில நாள் பக்கத்து வகுப்பு ஆசிரியரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வேன். வேறு குரல் கேட்பது பிள்ளைகளுக்கு நல்லது. பாடநூலில் கியூஆர் கோடு உள்ள இடங்களில் அதையும் பயன்படுத்தலாம். பதிவை ஒலிக்கவிட்டால் நடுவில் நிறுத்துவதில்லை என்பது என் விதி. முதல் சில வாரங்களில் கை பரபரக்கும், நிறுத்தத் தோன்றும்.

ஒலிக்கும் முன் ஒரு நிமிடம்

கோடிட்ட இடத்தை நிரப்பும் வேலையில் பாதி, ஒலி தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இதை ஒன்பதாம் வகுப்பில் எப்படிச் செய்தேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நம் மாவட்டத்தின் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் பற்றி நானே ஒரு சிறு பத்தி எழுதினேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருள் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். வினாத்தாளில் ஐந்து வரிகள். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

1. கரைவெட்டி இஸ் இன் ______ டிஸ்ட்ரிக்ட்.
2. இட் கெட்ஸ் வாட்டர் ஃப்ரம் ______ டேம்.
3. மோஸ்ட் பேர்ட்ஸ் அரைவ் இன் ______.
4. இட் பிகேம் அ ராம்சார் சைட் இன் ______.
5. விசிட்டர்ஸ் ஷுட் கேரி அ பேர் ஆஃப் ______.

பேனாவைக் கீழே வைக்கச் சொன்னேன். ஒரு நிமிடம் தாளைப் பார்க்க வேண்டும், எழுதக் கூடாது. பிறகு கேட்டேன்: "மூணாவதுல என்ன வரும்?" சிலர் ஊர்ப் பெயர் என்றார்கள், சிலர் மாதம் என்றார்கள். இரண்டும் சரியான ஊகமே, 'இன்' என்ற சொல்லுக்குப் பின் இரண்டும் வரலாம். வலசை வரும் பறவை என்பதால் மாதத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று ஒரு பெண் சொன்னாள். நான்காவது ஆண்டாக இருக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஐந்தாவதுக்கு 'ஷூஸ்' என்றார்கள், 'சாக்ஸ்' என்றார்கள். விடை வேறு, ஆனால் 'அ பேர் ஆஃப்' என்றால் அடுத்து வருவது பன்மைச் சொல் என்பதைப் பிடித்துவிட்டார்கள். எனக்கு அது போதும்.

கோட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்கள்தாம் துப்பு. முன்னால் 'அன்' இருந்தால் வரும் சொல் உயிரொலியில் தொடங்கும். 'மெனி' இருந்தால் பன்மை. 'கேன்' இருந்தால் 'இங்', 'எட்' சேராத வினைச்சொல். பின்னால் 'கிலோமீட்டர்ஸ்' இருந்தால் எண். நாம் இலக்கண வகுப்பில் தனியாக நடத்தி, தனியாக மறந்துபோகும் இவையெல்லாம் இங்கேதான் உயிர் பெறுகின்றன. ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு சிறு குறி போடப் பழக்கினேன்: எண்ணுக்கு ஒரு குறி, இடத்துக்கு ஒன்று, பன்மைக்கு 'எஸ்'. காது திறக்கும்போது எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்திருக்கும்.

பிறகு பதிவை ஒலிக்கவிட்டேன். அதில் வேண்டுமென்றே இரண்டு வழுக்கலான இடங்களை வைத்திருந்தேன். மேட்டூர் அணையின் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக ஏரிக்கு வருகிறது என்பது ஒரு வாக்கியம். கடைசியாகக் காதில் விழுந்த பெயரை எழுதியவர்கள் புள்ளம்பாடி என்று எழுதினார்கள். கோட்டுக்குப் பின்னால் 'டேம்' என்று இருப்பதைப் பார்த்தவர்கள் மேட்டூர் என்று எழுதினார்கள். இன்னொன்று, பறவைகள் செப்டம்பரில் வரும் எனப் பலர் நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலானவை நவம்பரில்தான் வருகின்றன என்ற வாக்கியம். முதலில் கேட்ட மாதத்தை எழுதிவிட்டுப் பேனாவை மூடியவர்கள் பாதிப் பேர். தேர்வுகளில் இது வழக்கமான பொறி. 'பட்', 'நோ, சாரி', 'ஆக்சுவலி' ஆகிய சொற்கள் காதில் விழுந்தால், எழுதியதை அடிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

வினாத்தாளில் உள்ள அதே சொற்கள் ஒலியில் வரும் என்று காத்திருப்பதும் தவறு. நான்காவது வரியில் 'பிகேம்' என்று இருந்தது. பதிவில், 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்று வேறு சொற்களில் இருந்தது. 'பிகேம்' வரட்டும் என்று காத்திருந்தவர்களைத் தாண்டி ஆண்டு போய்விட்டது.

போனது போகட்டும்

இந்த வகைத் தேர்வுகளில் கோடுகள் பெரும்பாலும் ஒலிப்பதிவின் வரிசையிலேயே வரும். ஆகவே கண் எப்போதும் இரண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்: இப்போது எழுத வேண்டியதும் அதற்கு அடுத்ததும். அடுத்த கோட்டுக்கான பேச்சு தொடங்கிவிட்டது என்றால் முந்தையது போய்விட்டது என்று பொருள். அங்கே ஒரு சிறு கோடு கிழித்துவிட்டு நகர வேண்டும். ஒரு மதிப்பெண் போனால் போகட்டும். அதைத் துரத்தினால் மூன்று போகும். நம் பிள்ளைகளுக்கு இதுதான் மிகக் கடினம். எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம் அல்லவா? இதற்கென்றே ஒரு பயிற்சி வைத்தேன். பத்துக் கோடுகளில் நான்காவதுக்கு உரிய விடை பதிவிலேயே இருக்காது. அதைத் தேடிக்கொண்டு நின்றவர்கள் ஐந்தாவதையும் விட்டார்கள். அடுத்த வாரம் அப்படிச் செய்தபோது சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

ஒலிக்கும் நேரத்தில் எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். கரைவெட்டிப் பத்தியின் ஐந்தாவது விடை 'பைனாகுலர்ஸ்'. ஸ்பெல்லிங் தெரியாமல் ஒரு பையன் திணறிக்கொண்டிருந்தான். 'பைனா' என்று தமிழிலேயே எழுதி வைத்துக்கொண்டு, பதிவு முடிந்ததும் ஆங்கிலத்தில் எழுதலாம் என்றேன். தமிழ் எழுத்தை ஆங்கில வகுப்பில் அனுமதிப்பதா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். அது விடைத்தாள் இல்லை, அவன் காது எழுதிய குறிப்பு. கடைசி வடிவம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் எழுத்துப்பிழை இருந்தால் அந்த விடை தவறு என்பதால், முடிவில் சரிபார்க்கும் நேரத்தைப் பிள்ளைகள் முழுவதும் இதற்கே செலவிடலாம். அதே நேரத்தில் சொல் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். இரண்டு சொற்களுக்கு மிகாமல் எழுதச் சொல்லியிருக்கும்போது மூன்று சொல் எழுதினால், உள்ளே சரியான விடை இருந்தும் பூச்சியம்தான்.

தமிழ்க் காது

இனி காது உண்மையிலேயே ஏமாறும் இடங்கள். தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. தொப்பியும் 'கேப்', வாடகை வண்டியும் 'கேப்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் ஒன்று 'பி' என்ற பதினாறாம் எழுத்தில் முடிகிறது, மற்றது இரண்டாம் எழுத்தில் முடிகிறது. நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு ஒலிகளும் தெரியாதவை அல்ல. பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரம் வேறு, இரண்டாவது வேறு. தமிழில் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. அதனால் அந்த வேறுபாட்டைக் கவனிக்கும் தேவை நம் காதுக்கு வந்ததே இல்லை. இதைப் பிள்ளைகளிடம் பம்பரத்தை வைத்தே விளக்கினால் உடனே புரிந்துகொள்கிறார்கள். கூடவே ஒரு குறிப்பும் தரலாம்: வண்டியைக் குறிக்கும் சொல்லில் நடுவே உள்ள உயிரொலி சற்று நீளும், தொப்பியில் சட்டென்று முடியும். பகரத்துக்கு மேல் புள்ளி வைத்தால் இரண்டாம் எழுத்து என்று வகுப்பில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்.

'தர்ட்டீன்', 'தர்ட்டி' போன்ற எண்களில் கடைசி 'ன்' ஒலியை மட்டும் நம்பியிருந்தால் ஏமாற்றமே. பேச்சு வேகத்தில் அது தேய்ந்துவிடும். பதின்மூன்றில் அழுத்தம் பொதுவாகப் பின்பகுதியில் விழும், 'டீன்' நீளும். முப்பதில் அழுத்தம் முன்பகுதியில், 'டி' குறுகும். மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பழகலாம். கிழமைகளில் 'டியூஸ்டே', 'தர்ஸ்டே' இரண்டும் அதிகம் குழப்புகின்றன.

பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும் வினாக்கள் சுலபம் என்று நினைத்திருந்தேன். ஒரு மாணவன் 'டபிள்யூ' என்றதை 'டபுள் யு' என்று கேட்டு இரண்டு 'யு' எழுதியிருந்தான். அவன்மேல் தவறில்லை, அந்த எழுத்தின் பெயரே அப்படி. 'டபுள் எஸ்', 'டபுள் ஃபைவ்' என்று இரட்டித்துச் சொல்லும் பழக்கத்தை அவனுக்கு நான்தான் போன வாரம் சொல்லிக்கொடுத்திருந்தேன். 'ஏ', 'ஈ', 'ஐ' மூன்றும், 'ஜி', 'ஜே' இரண்டும் அடிக்கடி மாறிப்போகும்.

சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது இன்னொரு தடை. 'டர்ன் இட் ஆஃப்' என்பது 'டர்னிடாஃப்' என்றுதான் காதில் விழும். 'இன் அன் அவர்' என்பது 'இனனவர்' ஆகிவிடும். இதை விளக்கத் தமிழாசிரியரின் உதவியைக் கேட்டேன். பால் + ஆறு = பாலாறு என்று புணர்ச்சி படித்த பிள்ளைகளுக்கு, மெய்யின்மேல் உயிர் ஏறுவது புதிதல்ல. பேசும்போது ஆங்கிலத்திலும் அதேதான் நடக்கிறது, எழுத்தில் மட்டும் பிரிந்து நிற்கிறது. ஒட்டிய ஒலியைக் கொடுத்துப் பிரித்து எழுதச் சொன்னால், புணர்ச்சிப் பயிற்சி போலவே ஆர்வமாகச் செய்கிறார்கள்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணும் எழுத்தும் வகுப்பில் பாட்டும் கதையும் ஏற்கெனவே ஒலிக்கின்றன. கதை சொல்லும்போது ஒரு சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, "அடுத்து என்ன வரும்?" என்று கேட்டாலே கோடிட்ட இடம் தயார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதத் தேவையில்லை, படத்தைத் தொட்டால் போதும்.

செலவில்லாத கேட்டல் ஆய்வகம் ஒன்று நமக்கு அரியலூர் இரயில் நிலையத்தில் இருக்கிறது. வைகை எக்ஸ்பிரஸ் வருகிறது என்று அறிவிப்பு முதலில் தமிழில் வரும், பின்னர் மற்ற மொழிகளில் வரும். வண்டி எண், பெயர், எங்கிருந்து எங்கே, எந்த நடைமேடை என்ற வரிசை மாறுவதே இல்லை. தமிழில் கேட்ட பிள்ளை, ஆங்கிலத்தில் 'ஒன் டூ சிக்ஸ் த்ரீ ஃபைவ்' என்று வரும்போது எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்தே கேட்கிறது. எண்களை ஒவ்வோர் இலக்கமாக எழுதப் பழகவும் இதைவிட நல்ல இடம் இல்லை. வெளியூர் போகும் பிள்ளைகளிடம் நான்கு கோடுகள் உள்ள ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து அனுப்புகிறேன். திரும்பி வரும்போது நிரப்பிக் கொண்டுவருவார்கள். சிலர் பயணச்சீட்டையும் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள்.

திருத்தும்போது மதிப்பெண் மட்டும் போடுவதை நிறுத்திவிட்டேன். தவறிய ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் 'கா', 'க', 'எ' என்று பிள்ளைகளே எழுதுவார்கள். காது ஏமாந்தால் 'கா', கண் முன்கூட்டிப் பார்க்காததால் தவறினால் 'க', எழுதும்போது பன்மையோ எழுத்தோ விடுபட்டால் 'எ'. மூன்று பயிற்சிக்குப் பின் எதற்கு உழைக்க வேண்டும் என்பது அவரவர் தாளிலேயே தெரிகிறது. என் வகுப்பில் 'க'தான் அதிகம்.

அந்தச் செவிலியர் மாணவி மறுபடி தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இரவுப் பணி இல்லாத நாள்களில் பயிற்சித் தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள், பக்கத்தில் 'கா', 'க', 'எ' குறிகளோடு. நேற்று வந்த தாளில் நான்காவது இடத்தில் வெறும் ஒரு சிறு கோடு கிழித்திருந்தாள். ஐந்தும் ஆறும் சரியாக இருந்தன.